ஐந்து நாள் தொலைபேசி

தொண்ணூறுகளில் எமது ஊர்களில் தொலைபேசியில் பேசுவதென்றால் முதலில் காத்திருக்க வேண்டும். நகரத்தில் இருந்த ‘கொமினிகேசன்’ கடைக்காரர் யாரிடமாவது சொல்லி அனுப்புவார்: “கனடாவில இருந்து உங்கட மகன் நாளைக்குப் பின்னேரம் மூண்டு மணிக்கு எடுப்பாராம்.” தாய் விடியவே வெளிக்கிட்டு பஸ் ஏறிப் போவாள். கடைக்குள் வாங்குகளில் இருபது பேர் இருப்பார்கள். ஒருவருடைய அழுகையும் சிரிப்பும் மற்ற எல்லோருடைய காதிலும் விழும். மூன்று மணி ஐந்து மணியாகும். சில நாட்களில் அழைப்பு வராமலே போகும். சிறுவனாக என் பெரியம்மாவுக்குத் துணையாக நானும் அப்படிப் போய்க் காத்திருந்திருக்கிறேன்.

அந்தக் கடைச் சுவரில் இருந்த பெட்டிக்குள் என்ன இருக்கிறது, அதிலிருந்து புறப்படும் வயர் எங்கே போகிறது, இன்றைக்கு ஏன் ‘லைன்’ இல்லை என்று ஒருவரும் கேட்டதை நான் காணவில்லை. கேட்டிருந்தாலும் விளக்கிச் சொல்ல அங்கே ஆள் இருக்கவில்லை. தொலைபேசி என்பது எங்கோ இருந்து யாரோ தருவது. தந்தால் பேசுவோம், தராவிட்டால் வீட்டுக்குத் திரும்புவோம்.

இன்று அநேகமாக எல்லோர் கையிலும் தொலைபேசி இருக்கிறது. காத்திருப்பு நீங்கிவிட்டது. ஆனால் ‘யாரோ தருவது’ என்ற எண்ணம் எம்மைவிட்டு நீங்கவில்லை. கோபுரம் வேலை செய்யாத நாளில் நாம் இன்றைக்கும் அதே வாங்கில்தான் இருக்கிறோம். இந்த எண்ணம் தவிர்க்க முடியாததா? இல்லை என்று சொல்வதற்கு எனக்குக் கிடைத்த சான்று சற்று விசித்திரமான இடத்திலிருந்து வருகிறது. நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை ஜேர்மனியில் ஒரு வெட்டவெளியில் ஐந்து நாட்கள் கூடும் முகாம் அது. அங்கே கூடுவோர் தமக்கென ஒரு தொலைபேசி வலையமைப்பைத் தாமே போட்டு, தாமே நடத்தி, தாமே கழற்றி எடுத்துக்கொண்டு போகிறார்கள். அபிவிருத்திப் பணியில் ஈடுபட்டிருப்போர் இதைப்பற்றிச் சிறிது அறிந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

செங்கற்சூளை வெளியில்

1981ஆம் ஆண்டு பெர்லினில் தொடங்கப்பட்ட ‘கேயொஸ் கொம்பியூட்டர் கிளப்’ என்ற சங்கமே இம்முகாமை நடத்துகிறது. இதன் உறுப்பினர் தம்மை ‘ஹக்கர்கள்’ என்று அழைத்துக்கொள்கிறார்கள். எமது பத்திரிகைகளில் இச்சொல் கணினித் திருடர் என்ற பொருளிலேயே வழங்கி வருகிறது. அவர்கள் கொள்ளும் பொருள் வேறு: ஒரு கருவி எப்படி இயங்குகிறது என்று திறந்து பார்த்து, அதைத் தன் தேவைக்கு மாற்றிக்கொள்ளத் தெரிந்தவர். எமது ஊர்களில் பழைய லான்ட்மாஸ்ரர் எஞ்சினைக் கொண்டு நீரிறைக்கும் பொறி செய்யும் மெக்கானிக்கும் இந்த வகையில் ஒரு ஹக்கர்தான்.

முதலாவது முகாம் 1999இல் பெர்லினுக்கு அண்மையிலுள்ள அல்ற்லான்ட்ஸ்பேர்க்கில் நடந்தது. 2007இலும் 2011இலும் பினோபுர்ட் என்ற இடத்தில் ஒரு பழைய விமானத் தளத்தில் கூடினார்கள். 2015, 2019, 2023 ஆகிய ஆண்டுகளில் பெர்லினுக்கு வடக்கே மில்டன்பேர்க்கில் கூடினார்கள். அங்கே பழைய செங்கற்சூளைகள் இப்போது அருங்காட்சியகமாக இருக்கின்றன. சூழவுள்ள புல்வெளியில் ஆயிரக்கணக்கானோர் கூடாரம் அடிக்கிறார்கள்.

இத்தனை பேருக்கு வேண்டிய வசதி எந்தப் புல்வெளியிலும் இருப்பதில்லை. ஆகவே தொண்டர்கள் பல நாட்களுக்கு முன்னரே வந்துவிடுகிறார்கள். முதலில் மின்சாரம், அடுத்தது வெளியின் குறுக்கே கண்ணாடி இழை வடங்கள், அவற்றின் மேல் கணினி வலையமைப்பு, அதன் மேல் தொலைபேசி. ஒன்று நின்றால் அதற்கு மேலுள்ளது ஓடாது. இந்த ஒழுங்கைக் கையால் செய்து கற்றவனுக்கு, கம்பனியின் தொலைபேசி ஏன் புயல் நாளில் நிற்கிறது என்பதை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. கோபுரம் விழாமல் நிற்கும்போதே மின்சாரம் நின்றிருக்கலாம். மின்சாரம் இருக்கும்போதே கோபுரத்தை மற்ற இடங்களுடன் இணைக்கும் வடம் அறுந்திருக்கலாம்.

வடங்கள் வந்து சேரும் கருவிகளை மழையிலிருந்தும் வெயிலிலிருந்தும் காக்கவேண்டுமே? அதற்கு அவர்கள் கண்ட வழி, கட்டுமான வேலைத்தலங்களில் வைக்கப்படும் பிளாஸ்ரிக் மலசலகூடப் பெட்டி. கூரை உண்டு, கதவு உண்டு, காற்றோட்டம் உண்டு, லொறியில் ஏற்றி இறக்கலாம். முகாம் எங்கும் இவை நிற்கின்றன. ஒவ்வொரு கூடாரத்திலிருந்தும் வயர் இழுத்து இவற்றில் ஒன்றில் செருகிக்கொள்வார்கள். அத்தகைய வயர் 100 மீற்றருக்கு மேல் நீளக்கூடாது என்பதால், எந்தக் கூடாரத்துக்கும் எட்டும் விதமாகப் பெட்டிகள் வைக்கப்படுகின்றன. இவற்றை ‘டாற்றன்குளோ’ என்று அழைக்கிறார்கள். ‘தரவு மலசலகூடம்’ என்று பொருள்.

இப்பெயருக்கு ஒரு முன்கதை உண்டு. எண்பதுகளில் மேற்கு ஜேர்மனியில் தொலைபேசி முழுவதும் அரச தபால் திணைக்களத்தின் கையில் இருந்தது. திணைக்களம் அங்கீகரிக்காத எந்தக் கருவியையும் தொலைபேசி இணைப்பில் பொருத்தக்கூடாது. அங்கீகரிக்கப்பட்ட மோடமோ விலை கூடியது. இச்சங்கத்தினர் தொலைபேசிக் கைபிடியின் இரு முனைகளையும் செருகிக்கொள்ளக்கூடிய, ஒலி வழியாகத் தரவு அனுப்பும் ஒரு கருவியை வீட்டில் செய்யும் முறையை வெளியிட்டார்கள். கைபிடியை இறுக்கிப் பிடிக்கும் இறப்பர் வளையங்கள் மலசலகூடக் குழாய்களுக்கு விற்கப்படுபவை. அப்படி வந்த கேலிப் பெயர் இன்று உண்மையான மலசலகூடப் பெட்டியின் மேல் நிற்கிறது.

வீட்டிலிருந்து கொண்டுவரும் தொலைபேசி

இந்த முகாம்களில் தொலைபேசியை நடத்துவது ‘இவென்ற்போன்’ என்ற தொண்டர் குழு. அவர்கள் கைக்கொள்ளும் தொழில்நுட்பம் புதியதல்ல. ஐரோப்பாவில் வீடுகளிலும் அலுவலகங்களிலும் வயரில்லாக் கைபிடியுடன் கூடிய தொலைபேசிகள் பெருமளவில் பாவனையில் உள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை ‘டெக்ற்’ என்ற பொது நியமப்படி செய்யப்பட்டவை. 1992இல் ஐரோப்பிய நியமமாக இது வகுக்கப்பட்டது. ஐரோப்பாவில் 1880 முதல் 1900 மெகாஹேட்ஸ் வரையான அலைவரிசை இதற்கென ஒதுக்கப்பட்டுள்ளது. அங்கே இதைப் பாவிக்கத் தனித்தனி அனுமதிப்பத்திரம் தேவையில்லை. ஒரு கம்பனி செய்த கைபிடி இன்னொரு கம்பனி செய்த நிலையத்துடனும் பேசத்தக்கதாக விதிகள் அமைந்துள்ளன.

முகாமின் தொலைபேசி முழுவதும் இந்த இரு விடயங்களின் மேல் நிற்கிறது: எவரும் பாவிக்கக்கூடிய அலைவரிசை, எவரும் படிக்கக்கூடிய பொது நியமம். இவை இரண்டும் இருந்தபடியால்தான் முகாமுக்கு வருபவர் தன் வீட்டு மேசையில் இருக்கும் கைபிடியைப் பையில் போட்டுக்கொண்டு வரமுடிகிறது.

வேலை நடக்கும் விதத்தையும் சுருக்கமாகச் சொல்கிறேன். வெளியெங்கும் கம்பங்களிலும் கட்டடங்களிலும் சிறிய அன்ரனாப் பெட்டிகளைப் பொருத்துகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே வயர். தரவும் மின்சாரமும் அதிலேயே போகின்றன. திறந்த வெளியில் ஒரு பெட்டி ஏறக்குறைய 300 மீற்றர் வரை எட்டும். மரமும் சுவரும் வந்தால் குறையும். டெக்ற் முறையில் நேரம் துண்டு துண்டாகப் பங்கிடப்படுகிறது. ஒரு வினாடியின் நூறில் ஒரு பங்கை 24 துண்டுகளாக்கி, 12ஐப் போவதற்கும் 12ஐ வருவதற்கும் ஒதுக்குவார்கள். ஆகவே ஒரு பெட்டியூடாகக் கூடியது 12 உரையாடல்களே ஒரே நேரத்தில் நடக்கலாம். ஆட்கள் நெருங்கிக் கூடும் இடத்தில் பெட்டிகளையும் நெருக்கி வைக்கவேண்டும்.

இன்னொரு நிபந்தனை உண்டு. பேசிக்கொண்டே நடப்பவர் ஒரு பெட்டியின் எல்லையைவிட்டு அடுத்ததன் எல்லைக்குள் போகும்போது பேச்சு அறுந்துபோகக்கூடாது. அதற்கு எல்லாப் பெட்டிகளும் ஒரே கணக்கில் நேரத்தை எண்ணவேண்டும். அக்கணக்கை அவை ஒன்றிடமிருந்து ஒன்று வானலை மூலமே பெற்றுக்கொள்கின்றன. எனவே ஒவ்வொரு பெட்டியும் குறைந்தது இன்னொரு பெட்டியின் ஒலிபரப்பைக் கேட்கக்கூடிய தூரத்தில் இருக்கவேண்டும். எந்தக் கம்பத்தில் எதை வைப்பது என்பது இப்படித்தான் தீர்மானமாகிறது. வரைபடத்தில் சரியாக இருந்தது வெளியில் பிழைக்கும்; ஒருவர் கைபிடியைக் காதில் வைத்துக்கொண்டு வெளி முழுவதும் நடந்து பார்த்துத்தான் திருத்தவேண்டும்.

தனக்கான இலக்கத்தை ஒவ்வொருவரும் முன்கூட்டியே தெரிவுசெய்து பதிகிறார். நான்கு இலக்கங்கள். தொலைபேசிப் பொத்தான்களில் எழுத்துக்களும் இருப்பதால் தம் பெயரோ ஒரு பகிடிச் சொல்லோ வரத்தக்கதாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். விரும்புவோரின் பெயர் மட்டும் முகாமின் தொலைபேசிப் புத்தகத்தில் வரும். முகாமுக்கு வந்ததும் கைபிடி வலையமைப்பில் சேர்க்கப்பட்டு ஒரு தற்காலிக இலக்கத்தைப் பெறுகிறது. தனக்கு முன்னரே தரப்பட்ட குறியீட்டை ஒருவர் அதில் அழுத்தினால் சொந்த இலக்கம் அதற்கு மாறிவிடுகிறது. கட்டணக் கணக்கு என்று ஒன்று கிடையாது. முதலுதவிக்கு ஒரு சுருக்க இலக்கம் உண்டு. யாராவது ஒருவர் பாட்டு ஒலிக்கும் இலக்கம் ஒன்றைத் தொடங்குவார்; இன்னொருவர் காலையில் எழுப்பிவிடும் இலக்கம் ஒன்றை வைப்பார். இதற்கெல்லாம் எவரிடமும் விண்ணப்பம் போடத் தேவையில்லை.

இங்கிலாந்தில் 2012இல் தொடங்கிய இதுபோன்ற இன்னொரு முகாமில் ஒரு குழுவினர் கூடாரங்களுக்குப் பழைய முறைச் செப்புக் கம்பி இணைப்புக்களையே இழுத்துக் கொடுக்கிறார்கள். இலக்கத் தட்டைச் சுழற்றும் அந்தக் காலத்துத் தொலைபேசிகளைக் கொண்டுவந்து மாட்டிப் பேசுகிறார்கள்.

தொண்டர்களுக்கு ஜேர்மன் முகாமில் வைத்திருக்கும் பெயரை அறிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அவர்கள் ‘சம்மனசுகள்’. அவர்களுக்கு வேலை பங்கிட்டுக் கொடுக்கும் கூடாரம் ‘மோட்சம்’. வெறும் பகிடிதான். ஆனால் அந்த மோட்சத்தில் ஓய்வு கிடையாது. வந்தவர்களுள் பெருந்தொகையினர் ஏதாவது ஒரு வேளைக்குப் பெயர் கொடுத்து, வடம் இழுத்தோ, வாயில் காத்தோ, சமைத்தோ உதவுகிறார்கள். இவ்வகையில் தொலைபேசி பாவிப்பவருக்கும் தொலைபேசி போடுபவருக்கும் இடையே மதில் எதுவும் எழுவதில்லை.

பாலைவனத்திலிருந்து மலைக்கிராமத்துக்கு

‘வசதியான நாட்டு இளைஞரின் விளையாட்டு’ என்று ஒரு வாசகர் சொல்லக்கூடும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. என் எண்ணத்தை மாற்றியது முகாம்களுக்குப் பின்னர் நடந்தவை.

2008 ஓகஸ்டில் அமெரிக்காவின் நெவாடாப் பாலைவனத்தில் ‘பேர்னிங் மான்’ விழா நடந்தபோது டேவிட் பேர்ஜஸ், ஹர்விந்த் சம்ரா என்ற இருவர் ஒரு பரிசோதனை செய்தார்கள். சாதாரண கையடக்கத் தொலைபேசிகளை இணைக்கும் நிலையத்தை, எவரும் பார்த்துத் திருத்தக்கூடிய திறந்த மென்பொருளைக் கொண்டு ஒரு கணினியில் இயக்கலாமா என்பதே கேள்வி. ‘ஓப்பன் பி.ரி.எஸ்.’ என்பது அதன் பெயர். தற்காலிக விசேட அனுமதி பெற்று ஒரு வாரம் நடத்தினார்கள். விழாவுக்கு வந்த பொதுமக்களுக்கு அதைத் திறந்துவிடும் எண்ணம் அவர்களுக்கு இருக்கவில்லை. ஆனால் அமைப்பில் நேர்ந்த ஒரு பிழையால் வெளி அழைப்புக்களுக்கு வழி திறந்துவிட்டது. அயலில் இருந்தவர்கள் எப்படியோ கண்டுபிடித்துவிட்டார்கள். 95 இலக்கங்களுக்கு ஏறக்குறைய 120 அழைப்புக்கள் போயின. பிழை என்றாலும் மனிதர் ஒரு குரலுக்கு எவ்வளவு ஏங்குகிறார்கள் என்பதை அது காட்டிவிட்டது.

அடுத்த ஆண்டு, 2009 ஓகஸ்டில், நெதர்லாந்தில் பியர்ஹவுற்றன் என்ற இடத்தில் நடந்த முகாமில் ஹரால்ட் வெல்ற்ற என்ற ஜேர்மானியரும் அவருடைய தோழர்களும் தாம் எழுதிய ‘ஓப்பன் பி.எஸ்.சி.’ என்ற மென்பொருளைக் கொண்டு ஒரு கையடக்கத் தொலைபேசி வலையமைப்பை உரிய அனுமதியுடன் நடத்தினார்கள். அவர்களுடைய நிலையக் கருவிகள் ஒரு மரத்தில் கட்டப்பட்டிருந்தன. கோபுரம் இல்லை, மரம்.

இதுவரை பெரிய கம்பனிகள் மட்டுமே செய்து வந்த ஒன்றைச் சிலர் கூடி ஒரு புல்வெளியில் செய்யலாம் என்பது இவ்வாறு நிரூபணமாயிற்று. அதன் பயன் எங்கே போய்ச் சேர்ந்தது? 2010இல் பசிபிக் சமுத்திரத்தில் இரண்டாயிரம் பேர்கூட வசிக்காத நியுயே தீவில் ஓப்பன் பி.ரி.எஸ். நிலையம் நிரந்தரமாக வைக்கப்பட்டது. 2013இல் மெக்சிக்கோவின் ஒஹாக்கா மாநிலத்தில், மலைகளுக்கு நடுவே சப்போத்தெக் பழங்குடி மக்கள் வாழும் தலேயா த காஸ்த்ரோ என்ற ஊர், ‘ரிசோமற்றிக்கா’ என்ற அமைப்பின் துணையுடன் தன் சொந்தக் கையடக்கத் தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. சனத்தொகை குறைவு, இலாபம் வராது என்று பெரிய கம்பனிகள் எட்டிப்பாராத ஊர் அது. மாதக் கட்டணம் 15 பெசோ. வழிகள் நிரம்பி மற்றவர் பேசமுடியாமல் போகக்கூடாது என்பதற்காக ஓர் அழைப்பு ஐந்து நிமிடத்துக்கு மேற்படக்கூடாது என்று விதித்துக்கொண்டார்கள். ஐக்கிய அமெரிக்காவுக்கு உழைக்கப் போன பிள்ளைகளுடன் குறைந்த செலவில் பேசினார்கள்.

அந்த ஐந்து நிமிட விதியை வாசித்தபோது எனக்குப் பெரியம்மாவின் வாங்கு நினைவுக்கு வந்தது. அங்கேயும் பேச்சுக்கு எல்லை இருந்தது. கடைக்காரரின் மணிக்கூடு அதை விதித்தது. தலேயா மக்களுக்குத் தங்கள் கருவி எவ்வளவு தாங்கும் என்று தெரிந்திருந்தது. தெரிந்தபடியால் அயலவருக்கு இடம் விட்டுப் பேசினார்கள்.

2016இல் மெக்சிக்கோ அரசின் தொலைத்தொடர்பு நிறுவனம், பழங்குடி மக்களின் சமூகத் தொலைபேசிகளை நடத்தும் சங்கத்துக்கு அலைவரிசை உரிமையை முறையாக வழங்கியது. ஊர்ச்சபை கூடிச் சம்மதித்தால்தான் அந்த ஊரில் சேவை தொடங்கும் என்பது அச்சங்கத்தின் ஒழுங்கு.

மறுபக்கம்

இதன் குறைகளையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

முதலாவது, தொண்டரின் ஊக்கத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஐந்து நாள் நித்திரை முழித்து வேலை செய்யலாம். ஐந்து வருடம் முடியாது. தலேயாவின் கதைக்கும் ஒரு பின்பகுதி உண்டு. பின்னர் ஒரு பெரிய கம்பனியின் சேவை அவ்வூரை எட்டியபோது மக்கள் அதன் பக்கம் போய்விட்டார்கள். முன்னோடியாக இருந்த ஊரின் சொந்த வலையமைப்பு நிலைக்கவில்லை. இதைத் தோல்வி என்று சொல்லுவோர் உண்டு. நான் முழுவதும் அப்படிப் பார்க்கவில்லை. அவ்வூர் தொடக்கிய வழியில் மற்ற ஊர்கள் சட்டப்படி நடக்கின்றன. எனினும் பராமரிப்புக்கு ஆளும் பணமும் ஒதுக்காத முயற்சி எதுவானாலும் இதே வழிதான் போகும் என்பதை மறக்கக்கூடாது.

இரண்டாவது, பாதுகாப்பு. டெக்ற் தொலைபேசிப் பேச்சை விலை குறைந்த ஒரு கணினி அட்டையைக் கொண்டே ஒட்டுக்கேட்கலாம் என்று 2008 டிசம்பரில் சில ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். அதை அவர்கள் வெளியிட்டது இதே கேயொஸ் சங்கம் நடத்தும் வருடாந்த மாநாட்டில் என்பது கவனிக்கத்தக்கது. தாம் பாவிக்கும் கருவியின் ஓட்டையைத் தாமே தேடிக் கண்டுபிடித்து எல்லோருக்கும் சொல்லுவது நேர்மையான வழக்கம். ஆயினும் இரகசியம் பேசுவதற்கு உகந்த கருவியல்ல அது.

மூன்றாவது, சட்டம். ஜேர்மனியில் தடையின்றிச் செய்யக்கூடியதை வேறு நாட்டில் அப்படியே செய்ய முடியாது. டெக்ற் கைபிடிகளுக்கு ஐரோப்பாவில் ஒரு அலைவரிசை. அமெரிக்காவில் 1920 முதல் 1930 மெகாஹேட்ஸ் வரையான வேறொன்று. ஒன்றை மற்ற நாட்டில் இயக்கினால் பிறருடைய சேவைக்கு இடையூறு நேரலாம். எமது நாட்டில் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டமும், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவை நிறுவிய 1996இன் திருத்தச் சட்டமும் இவ்விடயங்களை ஆளுகின்றன. தொலைபேசிச் சேவை நடத்தவும் வானலைக் கருவிகளை இயக்கவும் உரிய அனுமதி வேண்டும். இளைஞர் ஆர்வத்தில் இதைப் பொருட்படுத்தாமல் விட்டால், பயன்பெறவேண்டிய ஊரே சங்கடப்படும்.

நாம் எங்கே தொடங்கலாம்?

பல வருடங்களுக்கு முன் ஒரு மீள்குடியேற்றக் கிராமத்தில் நான் வேலை செய்தேன். ஒரு நிறுவனம் அங்கே ஒரு குழாய்க்கிணறு அமைத்துக் கொடுத்திருந்தது. திறப்பு விழாவில் மாலை, பெயர்ப்பலகை எல்லாம் இருந்தன. ஏழெட்டு மாதங்களில் உள்ளே ஒரு தோல் வாசர் தேய்ந்தது. அதை மாற்றத் தெரிந்தவர் கிராமத்தில் இல்லை. கழற்றுவதற்குரிய சாவியும் இல்லை. பெண்கள் மீண்டும் ஒரு மைல் நடந்தார்கள். பெயர்ப்பலகை மட்டும் பழுதாகாமல் நின்றது. கிணறு தோண்டிய அன்று நாலு இளைஞரைப் பக்கத்தில் நிறுத்திக் கழற்றிப் பூட்டக் காட்டியிருந்தால் ஒரு நாள் கூடுதலாகச் சென்றிருக்கும். நானும் அதைச் சொல்லவில்லை என்பது இன்றும் எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

முகாம் தொலைபேசியில் நான் காணும் பெறுமதி இந்த இடத்தில்தான் இருக்கிறது. அது இலவசம் என்பது சிறிய விடயம். போடுபவரும் பாவிப்பவரும் திருத்துபவரும் ஒருவரே என்பது பெரிய விடயம். தற்காலிகமானது என்பது அதன் பலமும்கூட. ஐந்து நாளில் கழற்றப்போகும் ஒன்றில் பிழைவிடப் பயம் இல்லை. விட்ட பிழையை அடுத்த முறை திருத்தலாம். நிரந்தரமான ஒன்றைப் பொறுப்பேற்கும் துணிவு இத்தகைய சிறிய ஒத்திகைகளில்தான் பிறக்கிறது.

எமது இளைஞர் முகாம்களிலும் பாடசாலை விஞ்ஞானச் சங்கங்களிலும் மிகச் சிறிய அளவில் தொடங்கலாம். வீடுகளில் தூக்கிப்போட்ட பழைய மேசைத் தொலைபேசிகள் இரண்டு, 9 வோல்ற் பற்றரி ஒன்று, ஒரு சோடி வயர் போதும். மூன்றையும் ஒரே சுற்றில் தொடராக இணைத்தால் சமையற்கூடத்துக்கும் வாயிலுக்கும் இடையே பேசலாம். எந்தப் பொது இணைப்பிலும் அதைச் செருகக்கூடாது. மணி மட்டும் அடிக்காது. அதற்கு எழுபது எண்பது வோல்ற் ஆடலோட்ட மின்சாரம் வேண்டும். மணிக்கு என்ன செய்யலாம் என்று பிள்ளைகளே யோசிக்கட்டும். தனியாக ஒரு சிறிய மின்மணியும் இன்னொரு வயரும் வேண்டும் என்று ஒரு பிள்ளை கண்டுபிடிக்கும் அந்த நேரத்தில், தொலைபேசி ‘யாரோ தருவது’ என்ற நிலை மாறத் தொடங்கிவிடும்.

அடுத்த படி, பெருந்திரளாக மக்கள் வெளியில் தங்கும் நாட்கள். மடுவில் ஆவணித் திருநாளுக்குக் குடும்பம் குடும்பமாக வந்து மரநிழலில் தங்குகிறார்கள். கதிர்காமத்துக்குப் பாதயாத்திரையாகப் போகிறார்கள். வெள்ள காலத்தில் பாடசாலைகளே முகாம்களாகின்றன. அங்கெல்லாம் தொலைந்த பிள்ளையையும் தண்ணீர்ப் பவுசரையும் ஒரே ஒலிபெருக்கியில் தேடுகிறோம். நீர்த்தாங்கி, முதலுதவி நிலையம், வாயில், சமையற்கூடம், அலுவலகம் ஆகிய ஐந்து இடங்களுக்கு வயர் இழுத்த ஓர் உள்ளகத் தொலைபேசியை, ஒரு பழைய கணினியையும் இலவசமாகக் கிடைக்கும் இணைப்பக மென்பொருளையும் கொண்டு தொழில்நுட்பக் கல்லூரி மாணவர் அமைத்துக் கொடுக்கலாம். அது கையடக்கத் தொலைபேசிக்குப் பதிலாக அல்ல. கோபுரம் நெரிசலில் திணறும்போதும் மின்சாரம் நின்றபோதும் பற்றரியில் ஓடும் துணையாக. தொடங்குமுன் ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேட்டு ஒழுங்கு செய்துகொள்வது ஏற்பாட்டாளரின் கடமை.

அதற்கு மேல் ஒரு பொதுக் கோரிக்கையும் நியாயமானது. அனர்த்த காலங்களிலும் பெருந்திரள் கூடும் நாட்களிலும் ஊர்ச் சங்கங்களும் கல்வி நிலையங்களும் தற்காலிக வலையமைப்பு நடத்துவதற்கு எளிமையான, செலவு குறைந்த ஓர் அனுமதி முறையைச் சட்டம் தெளிவாக வகுக்கவேண்டும். நெவாடாவில் ஒரு வாரத்துக்கு அனுமதி கொடுத்தார்கள். ஒஹாக்காவில் ஒரு சங்கத்துக்கே உரிமை கொடுத்தார்கள். கேட்பதற்கு ஆள் இருந்தபடியால் கொடுத்தார்கள். கேட்பதற்கு முன் செய்துகாட்டக்கூடியவர்கள் எமது கிராமங்களில் உருவாகவேண்டும்.

முகாம் முடிந்ததும் மில்டன்பேர்க்கில் வடங்களைச் சுருட்டுகிறார்கள். அன்ரனாக்களை இறக்குகிறார்கள். மலசலகூடப் பெட்டிகள் லொறியில் ஏறுகின்றன. நான்கு இலக்கங்கள் கொண்ட அந்தத் தொலைபேசிகள் எவற்றுக்கும் பின்னர் அங்கிருந்து மறுமொழி வராது. ஆனால் அந்த வெளியில் வடம் இழுத்த ஒரு பிள்ளையிடம் ‘இன்றைக்கு ஏன் லைன் இல்லை?’ என்று கேட்டுப் பாருங்கள். எந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கவேண்டும் என்று அது சொல்லும். பெரியம்மா காத்திருந்த கடையில் அப்படி ஒரு பிள்ளை இருக்கவில்லை. அடுத்த முகாமுக்கு வயர் வாங்கும்போது எமது பிள்ளைகளில் இரண்டு பேரையும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போவோம்.